மலையும் மண்வெட்டியும்

தஞ்சாவூர்ச் சீமைப் பிள்ளைகளுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். கும்பகோணத்துக்குச் சமீபத்தில் மனிதர் கையால் கட்டிய மலை அது. பிரபவ முதல் அட்சய வரையில் வருஷத்துக்கு ஒன்றாக அறுபது படிகள். முழங்கால் வலிக்காரப் பாட்டிமார்கூட, நடுவில் ஒரு தரம் உட்கார்ந்துவிட்டு, ஏறிவிடுகிறார்கள். வலங்கைமானில் குடமுருட்டிக் கரைமேல் நின்று நாலு திக்கிலும் நோக்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். வயலுக்கு அப்பால் தென்னந்தோப்பு. தோப்புக்கு மேலே ஏதேனும் ஒரு கோயில் கோபுரம். அதற்கும் மேலே உயர்ந்தது ஆகாசம் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட ஊரில், கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து தகப்பனாரிடம் நீட்டினால் என்ன நடக்கும்? “பத்து நாள் மாணவர் பிரயாணம். மலை ஏறுதல், மலைவாழ் மக்களின் கலாசாரத்தை அறிதல், கிராமத் தொண்டு. கட்டணம் இவ்வளவு. பெற்றோர் கையொப்பம் இங்கே.” தகப்பனார் கட்டணத்தைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைக்கிறார். தாயார், “அங்கே அட்டை கடிக்குமாமே!” என்கிறாள். பாட்டி மாத்திரம் ஒரே கேள்வி கேட்கிறாள்: “மலை மேலே என்ன கோயில்?”

மூவருடைய கவலையும் நியாயமானதே. ஆனால் இவற்றைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மலைக்குப் போகிற பிள்ளையால் அந்த மலையில் இருப்பவருக்கு என்ன லாபம்? திரும்பி வருகிற பிள்ளையால் இந்த வலங்கைமானுக்கு என்ன லாபம்? இந்த வாரம் அதைப் பற்றிச் சற்று யோசிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

*

மலையேற்றம், கலாசாரம், தொண்டு ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மாணவர் தோளில் ஏற்றும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. கூர்ட் ஹான் என்பவர் ஒரு ஜெர்மன் ஆசிரியர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1933-ல் சிறைப்பட்டு, பிறகு பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர். 1934-ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் என்ற பள்ளிக்கூடத்தை ஸ்தாபித்தார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களால் கவிழ்க்கப்பட்ட கப்பல்களிலிருந்து படகில் தப்பியவர்களிலே, வயது முதிர்ந்த மாலுமிகள் பிழைத்தார்கள் என்றும், உடல் வலிமை மிக்க வாலிபர்கள் மனம் தளர்ந்து மாண்டார்கள் என்றும் ஒரு பேச்சு அந்நாளில் பரவியது. வாலிபருக்கு உடம்பு மட்டும் போதாது, மனத்திண்மையும் வேண்டும் என்று கருதி, 1941-ல் வேல்ஸ் தேசத்து அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் ஒரு பயிற்சிக்கூடத்தை ஹான் தொடங்கி வைத்தார். அவருடைய மாணாக்கரான எடின்பரோ கோமகன் 1956-ல் ஆரம்பித்த பரிசுத் திட்டத்திலும் பிறருக்குத் தொண்டு, ஒரு கைத்திறமை, உடற்பயிற்சி, காட்டிலும் மலையிலும் பிரயாணம் ஆகிய நான்கும் இடம்பெற்றன.

நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் எந்த உயர்ந்த நோக்கத்துக்கும் ஒரு நாள் கடை போடும் மனிதர் வந்துவிடுகிறார் அல்லவா? பணக்கார நாட்டு மாணவர்களிடம் லக்ஷக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஏழை நாட்டு மலை ஒன்றில் ஏற்றி, ஒரு கிராமத்தில் நடனம் பார்க்கச் செய்து, பள்ளிக்கூடச் சுவருக்கு இரண்டு நாள் வர்ணம் பூச வைத்து ஊருக்கு அனுப்பும் வியாபாரம் இன்று உலகமெங்கும் நடக்கிறது. நேபாளத்திலும் கம்போடியாவிலும் இதைவிடக் கேவலமான காரியமும் நடந்தது. தொண்டு செய்ய வரும் அந்நியர்களுக்குக் காட்டுவதற்காகவே, தாய் தந்தையர் உயிருடன் இருக்கும் குழந்தைகளை அநாதை விடுதிகளில் கொண்டுவந்து வைத்தார்கள். தொண்டர் கொண்டுவந்த பணம் விடுதிக்காரருக்குப் போயிற்று. குழந்தைக்குத் தாய்மடி போயிற்று.

*

மீதிப் பாதி உண்மை நம் தேசத்தில் இருக்கிறது. அபர்டோவிக்கு இருபத்தாறு வருஷங்களுக்கு முன்பே இந்த மூன்றும் சேர்ந்த ஒரு மாணவர் பிரயாணம் நடந்துவிட்டது.

1915-ம் வருஷம் ஹரித்துவாரத்தில் கும்பமேளா. இமயமலை இறங்கிச் சமவெளியைத் தொடுகிற அந்த இடத்தில் லக்ஷோப லக்ஷம் ஜனங்கள் கூடியிருந்தார்கள். ஹிருதயநாத் குன்ஸ்ரு உள்ளிட்ட தொண்டர் படை ஒன்று அங்கே வேலை செய்தது. டாக்டர் தேவ் அதன் வைத்தியர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய பீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் அந்தப் படைக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன் அவர்கள் காங்க்ரி குருகுலத்திலும் ரவீந்திரநாத டாகுருடைய சாந்திநிகேதனத்திலும் தங்கியிருந்தவர்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து தம்மோடு வந்தவர்களில் ஐந்து தமிழ் இளைஞர்கள் உண்டு என்று காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஹரித்துவாரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை என்ன? மேளாவுக்கு வந்த ஜனங்களுக்காக டாக்டர் தேவ் மலக்குழிகள் வெட்டியிருந்தார். அவற்றைக் கவனிக்கக் கூலியாட்களை நம்ப வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பீனிக்ஸ் குழுவினர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மலத்தின்மேல் மண்ணைத் தள்ளி மூடுவதும் அதை அப்புறப்படுத்துவதும் அவர்கள் பொறுப்பு. காந்தியடிகளுக்கோ, தரிசனத்துக்கு வந்தவர்களோடு பேசியபடி கூடாரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மண்வெட்டி பிடித்தவர்கள் பிள்ளைகள்தாம்.

காந்தியடிகள் அங்கிருந்து ரிஷிகேசத்துக்கும் லக்ஷ்மண ஜூலாவுக்கும் போய் வந்தார். மலைக்காட்சியின் அழகு அவர் மனத்தைக் கவர்ந்தது. அவ்வளவு அழகிய கங்கைக் கரையை ஜனங்கள் கூசாமல் அசுத்தப்படுத்துவதைக் கண்டு மனம் நொந்தார். மலையைப் பார்த்த கண்ணுக்கு மலமும் தெரிந்தது. இரண்டையும் ஒருங்கே பார்க்கிற கண்தான் இவ்விதப் பிரயாணம் தரக்கூடிய பெரிய லாபம் என்று நாம் நினைக்கிறோம்.

அதே வருஷம், ஹரித்துவாரம் முடிந்து சில வாரங்களுக்குள், காந்தியடிகள் நம்முடைய காவிரி நாட்டுக்கு வந்தார். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் உயிர் கொடுத்த வள்ளியம்மையின் மூதாதையர் ஊராகிய தில்லையாடிப் பக்கமும், தரங்கம்பாடிக்கும் மாயவரத்துக்கும் அவர் போனார். இமயத்தின் அடிவாரத்துக்கும் காவிரியின் கடைமடைக்கும் அந்த வேனிற்காலத்தில் அப்படி ஒரு பாலம் போடப்பட்டது.

*

இந்தக் கதையில் வலங்கைமான் எங்கே வருகிறது என்று கேட்கலாம். நன்றாகவே வருகிறது.

வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி பிறந்தவர் ரைட் ஆனரபிள் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். கும்பகோணத்தில் படித்து, ஆசிரியராகி, சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கினார். 1907-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, கோகலே 1905-ல் புனாவில் ஆரம்பித்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். தமக்கென்று பொருள் தேடுவதில்லை என்று பிரதிக்ஞை செய்தவர்களுக்கு மாத்திரமே அங்கே இடம் உண்டு. 1915 பிப்ரவரியில் கோகலே காலமானதும் சாஸ்திரியார் சங்கத்தின் தலைவரானார். 1927 வரையில் அந்தப் பொறுப்பை வகித்தார்.

ஹரித்துவாரத்தில் நாம் கண்ட குன்ஸ்ரு அந்தச் சங்கத்தின் அங்கத்தினர். பிற்பாடு மதன்மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேர்ந்து சேவா சமிதிச் சாரணர் இயக்கத்தை வளர்த்தார்கள். இந்தியப் பிள்ளைகளுக்குச் சாரணர் படையில் வெள்ளைக்காரர் இடம் கொடுக்கத் தயங்கிய காலம் அது. சென்னையில் அன்னி பெஸன்ட் அம்மையாரும் அவ்விதமே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சுதந்திரம் வந்தபின், 1950-ம் வருஷம் நவம்பர் மாதம் 7-ந் தேதி, பிரிந்து கிடந்த சாரணர் சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது.

தக்கர் பாபா என்று தேசம் முழுவதும் போற்றப்பட்ட அமிர்தலால் தக்கரும் சாஸ்திரியாரின் தலைமையில் பணி புரிந்த ஊழியரே. அவர் என்ஜினீயர் வேலையை உதறிவிட்டு 1914-ல் சங்கத்தில் சேர்ந்தார். 1922-ல் குஜராத்தில் தாஹோத் பிரதேசத்து மலைகளிலும் காடுகளிலும் வாழும் பீல் மக்களிடையே பீல் சேவா மண்டலத்தை ஆரம்பித்தார். மலைவாழ் மக்களுக்குத் தொண்டு செய்வது என்றால் அவருடைய அகராதியில் அவர்களோடு வருஷக்கணக்கில் வாழ்வது என்று பொருள். அந்த அகராதியில் “பத்து நாள்” என்ற சொல் இல்லை.

இதைச் சொல்லும்போது மாணவர்களின் உற்சாகத்தைக் குறைப்பது நம் நோக்கமல்ல. எல்லோரும் தக்கர் பாபா ஆகிவிட முடியாது. ஆனால் பத்து நாள் போகிறவர்கள், அங்கே ஆயுள் முழுதும் இருந்தவர்களும் உண்டு என்பதை அறிந்துகொண்டு போக வேண்டும். அப்போது, பத்து நாளில் மலையை உத்தாரணம் செய்துவிட்டோம் என்ற எண்ணம் தலைக்கு ஏறாது.

*

இனி மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மலை ஏறுதல். 2018-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் நடந்ததைத் தமிழ் நாட்டில் மறந்தவர் இரார். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் அகப்பட்டுக்கொண்டார்கள். வேனிற்காலம், காய்ந்த புல், செங்குத்தான சரிவு, மேல்நோக்கி வீசும் காற்று. தீயானது சரிவில் மனிதனைக் காட்டிலும் வேகமாக ஏறும் என்பது மலையில் வாழ்பவருக்குத் தெரியும். சமவெளியில் பிறந்தவருக்குத் தெரியாது. இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களில் பலர் இளம் பெண்கள். முதலில் ஓடிவந்து காயம்பட்டவர்களைத் தூக்கியவர்களில் அந்தப் பக்கத்துக் கிராமத்தார் இருந்தார்கள்.

அந்த வருஷமே அரசாங்கம் மலையேற்றத்துக்கு ஒழுங்கு விதிகள் செய்தது. 2024 அக்டோபரில், அனுமதி பெற்று ஏறத்தக்க நாற்பது பாதைகளை வகுத்து, மலைவாழ் இளைஞர்களுக்கே வழிகாட்டிகளாகப் பயிற்சி அளித்து ஒரு திட்டமும் தொடங்கப்பட்டது. இது நல்ல ஏற்பாடு. வழிகாட்டுபவர் அந்த மலையின் மைந்தர் என்றால், மாணவருடைய முதல் பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. எந்தப் புல் அறுக்கும், எந்த ஓடை மழையில் திடீரென்று பெருகும், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும் என்பதைப் பட்டம் பெற்ற பிள்ளை பட்டம் பெறாதவரிடம் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறான்.

ஆகவே தகப்பனார் கையொப்பம் போடுமுன் கேட்க வேண்டியவை நான்கு. வன இலாகாவின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா? எந்த மாதத்தில் போகிறார்கள்? அந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டி உடன் வருகிறாரா? ஆபத்து நேர்ந்தால் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? இந்த நான்குக்கும் பதில் வராவிட்டால் பேனாவை எடுக்க வேண்டாம். பதில் வந்துவிட்டால், பெண் பிள்ளையாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். மலைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. எச்சரிக்கை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் ஒன்றைத்தான் அது அறியும்.

*

இரண்டாவது, கலாசாரத்தை அறிதல். இந்த விஷயத்தில் வலங்கைமான்காரருக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

பங்குனி மாதத்தில் வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலில் பாடைக் காவடித் திருவிழா நடக்கிறது. கொடிய நோயில் விழுந்து, பிழைப்பது அரிது என்று வீட்டார் கைவிட்ட நிலையில் அம்மனிடம் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள், உயிரோடு பாடையில் படுத்து, இறந்தவரைப் போலவே சுமக்கப்பட்டு, கோயிலை வலம் வந்து பிரார்த்தனையைச் செலுத்துகிறார்கள். வெளியூரிலிருந்து அன்றைக்கு வந்த ஒருவர் கண்ணுக்கு இது விநோதக் காட்சி. புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு நெருங்கத் தோன்றும். ஆனால் அந்தப் பாடையின் பக்கத்தில் நடக்கிற தாயாரை எண்ணிப் பாருங்கள். சென்ற வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் அவள் எத்தனை இரவு விழித்திருந்தாள் என்பது புகைப்படத்தில் விழாது. அவளுக்கு அது காட்சியல்ல. கடன் தீர்க்கும் நாள்.

நம் ஊருக்கு வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நம் பிள்ளைகளும் மலையில் நடந்துகொள்ள வேண்டும். “எங்களுக்காக ஒரு தரம் ஆடிக் காட்டுங்கள்” என்று கேட்பது கலாசாரத்தை அறிவதாகாது. ஆடும் நாளில் போய், ஓரமாக நின்று, அழைத்தால் உள்ளே போவதே அறிதல். கொல்லிமலையில் ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை அது. அதே ஆடிப் பதினெட்டில்தான் நாம் காவிரிக் கரையில் சித்திரான்னம் கட்டிக்கொண்டு பெருக்கைக் கொண்டாடுகிறோம். மலையில் ஒரு விழாவும் சமவெளியில் ஒரு விழாவும் ஒரே நாளில் அமைந்திருப்பதை நேரில் கண்ட பிள்ளைக்கு, அவர்கள் வேறு, நாம் வேறு என்ற நினைப்புத் தானாகவே தளரும்.

*

மூன்றாவது, தொண்டு. மூன்றிலும் கஷ்டமானது இதுதான்.

காவிரிக் கடைமடைப் பிரதேசத்தார் தொண்டு செய்தவர்கள் மட்டுமல்ல. தொண்டைப் பெற்றவர்களும் ஆவார்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. தேசமெங்கிலுமிருந்து உதவி வந்து குவிந்தது. அதில் பழந்துணி மலையாக வந்தது. கிழிந்ததும் சாயம்போனதுமான துணிகள் சாலையோரங்களில் குவிந்து மழையில் ஊறிக் கிடந்தன. பிறர் உடுத்துக் கழித்ததை மீனவர்கள் தொட மறுத்தார்கள். உறவைப் பறிகொடுத்தவருக்கு மானம் இல்லையென்று கொடுத்தவர்கள் நினைத்துவிட்டார்கள் போலும்! கடைசியில் அந்தக் குப்பையை அகற்றுவதே ஒரு தனி வேலையாயிற்று.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது. அப்போது நமக்கு உண்மையாக உதவியவர்கள் யார்? விழுந்த தென்னையை அறுக்க ரம்பத்தோடு வந்தவர்கள். சேற்றில் இறங்கி மின்சாரக் கம்பங்களை மறுபடி நட்டு ஊருக்கு வெளிச்சம் கொடுத்த, வெளி மாவட்டத்து மின்வாரிய ஊழியர்கள். கையில் தொழிலும் கருவியும் உள்ளவர்கள் வந்தார்கள், என்ன வேண்டும் என்று கேட்டார்கள், செய்தார்கள், போனார்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் நட்ட கம்பத்தின் வெளிச்சத்தில்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள்.

வாங்கிப் பழகிய கைக்குத்தான் கொடுக்கத் தெரியும். இந்த அநுபவத்தை நம் மாணவர்கள் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். பழந்துணி மூட்டையைக் கொண்டுபோகக் கூடாது.

மலையில் என்ன தேவை என்பதற்கு ஓர் உதாரணம் கொல்லிமலையிலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டையூசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர் அது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களுடைய பழைய பயிர்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும் சிறுதானியம் குறைந்துகொண்டே வந்தது. அது குறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. சாமையை உரலில் இட்டுக் குற்றி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும் பாடு. நம் கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் பல வருஷம் தங்கி வேலை செய்தது. விதைகளைக் காப்பாற்றியது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்தது, தானியத்தை மாவாக்கி விற்பதற்கு மகளிர் குழுக்களைப் பழக்கியது. சாமையின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. உலக்கையின் பாரத்தைக் குறைத்தார்கள். தொண்டு என்பது அதுதான்.

பத்து நாள் தங்கும் மாணவரால் இயந்திரம் நிறுவ முடியாது. பள்ளிக்கூடம் கட்டவும் முடியாது. கொத்தனார் வேலை தெரியாத பிள்ளைகள் எழுப்பும் சுவர், அவர்கள் ஊருக்குத் திரும்புமுன் விழாமலிருந்தால் ஆச்சரியம். மேலும் அந்தச் சுவரைக் கட்டினால் கூலி பெறக்கூடிய கொத்தனார் அந்த மலையிலேயே இருக்கிறார். ஆனால் அவர்கள் செய்யக்கூடியவை பல உண்டு. பாதையில் யாத்திரிகர் எறிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் கீழே கொண்டுவரலாம். ஊர்க்காரர் ஊற்றுக்கண்ணைத் தூர்வாரும் நாளில் மண் சுமக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கும் ஜாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு நிச்சயமாக வரக்கூடிய ஒரே கைத்தொழில் எழுத்துத்தானே! எதுவானாலும், ஊரார் கேட்ட வேலையாக இருக்க வேண்டும். அடுத்த வருஷமும் அதே ஊருக்கே போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு மலை என்றால் மாணவருக்குப் பத்து மலை கிடைக்கும். எந்த மலைக்கும் ஒரு மாணவன் கிடைக்கமாட்டான்.

*

இதற்கெல்லாம் கட்டணம் எங்கே போவது என்று தகப்பனார் கேட்பது நம் காதில் விழுகிறது. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போகக்கூடிய தொண்டு, தொண்டென்று சொல்லத் தகுந்ததல்ல. நல்லவேளையாக, அதிகச் செலவில்லாத வழி ஒன்று நம் தேசத்தில் இருக்கிறது. காந்தி நூற்றாண்டில், 1969-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 24-ந் தேதி, முப்பத்தேழு சர்வகலாசாலைகளில் நாற்பதினாயிரம் மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமாயிற்று. வருஷத்தில் நூற்றிருபது மணி நேரத் தொண்டும், ஏழு நாள் கிராம முகாமும் அதில் உண்டு. சமவெளிக் கல்லூரி ஒன்று தன் முகாமை மலையடிவாரத்து ஊரிலும், மலைக் கல்லூரி ஒன்று தன் முகாமை வலங்கைமான் பக்கத்திலும் மாற்றி மாற்றி நடத்தினால் என்ன? நம் பிள்ளை அங்கே சாமைக் களி தின்று வரட்டும். அவர்கள் பிள்ளை இங்கே வந்து நாற்று முடியைத் தூக்கிப் பார்க்கட்டும். அப்போது விருந்தாளி யார், தொண்டர் யார் என்ற வித்தியாசமே தோன்றாது.

மதிப்பெண்ணுக்காகவும் சான்றிதழுக்காகவும் பிடித்துத் தள்ளுவது மட்டும் உதவாது. இதில் நமக்குப் பழைய அநுபவம் உண்டு. வாய்க்காலையும் ஏரியையும் ஊரார் கூடித் தூர்வாரிக் கரை போட்டுக்கொள்ளும் குடிமராமத்து என்ற வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 1858-ல் ஆங்கிலச் சர்க்கார் சென்னை மாகாணத்தில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் செய்து அதைச் சட்டத்தின் பிடியில் கொண்டுவந்தார்கள். மனம் ஒப்பிச் செய்த வேலை சர்க்கார் வேலையாகத் தோன்றவே, வரவர மண்வெட்டி பரணுக்குப் போயிற்று. 2017-ல் தமிழ் நாட்டு அரசாங்கம் அதே பெயரில் ஒரு திட்டத்தை மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

மலைக்குப் போய் வந்த பிள்ளையைப் பரீக்ஷிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, வேறு பல மலைகளிலிருந்து பல ஆறுகளைக் கூட்டிக்கொண்டு, மேட்டூரைத் தாண்டி, நீலகிரியிலிருந்து வரும் பவானியையும் சேர்த்துக்கொண்டு, கல்லணையில் பிரிந்து, குடமுருட்டி என்ற பெயரோடு வலங்கைமானுக்கு வருகிறது அந்தத் தண்ணீர். அது கொண்டுவந்த வண்டல்தான் நம் வயல். மலையைப் பார்த்ததில்லை என்று சொல்லும் தஞ்சாவூர்க்காரர், மலையின் மண்ணைத்தான் தினந்தோறும் மிதித்துக்கொண்டிருக்கிறார். மேலே காடு அழிந்தால் கீழே வாய்க்கால் தூர்ந்துபோகும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. அந்த மலையில் நடந்து கால் கடுத்து அறிந்துகொள்வது வேறொன்று.

ஆகையால் வலங்கைமான் தகப்பனார்களுக்கு நாம் சொல்வது இதுதான். நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் தைரியமாகக் கையொப்பம் போடுங்கள். பிள்ளை திரும்பி வந்ததும், எத்தனை அடி உயரம் ஏறினாய் என்று கேட்க வேண்டாம். மேட்டூர் திறப்பதற்கு முன், வைகாசி வெயிலில், தெருக்கோடி வாய்க்காலை வெட்டும் நாளன்று அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். கரைமேல் நின்றால் கட்டணம் நஷ்டம். வாய்க்காலுக்குள் நின்றால், அடுத்த வருஷம் தங்கையையும் அனுப்பலாம்.